பன்றி ஏலமும் பலசரக்குக் கடையும்

எங்கள் ஊரில் ஒரே ஒரு பலசரக்குக் கடை. வடமேற்கு அயோவாவில், மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாத ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கடைக்காரம்மா யார், பன்றி வளர்த்த பெண் யார் என்று இந்தப் பக்கத்தில் யாரும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. தோட்டத்து எறும்புக்கு நான் வாங்கிய மருந்தின் பெயர், மறுநாள் காலை பெட்ரோல் பங்கில் காப்பி குடிக்கும் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது சரிப்படாது, வேறொன்று வாங்கு என்றும் சொன்னார்கள்.

நாங்களாகத் தேடி வந்த ஊர் இல்லை இது. என் மனைவி மருத்துவர். ஜே-1 விசாவில் வந்து இங்கே மேற்பயிற்சி முடிக்கும் வெளிநாட்டு மருத்துவர்கள், முடித்ததும் சொந்த நாட்டுக்குப் போய் இரண்டு ஆண்டு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். விலக்கு வேண்டுமென்றால் மருத்துவருக்குத் தட்டுப்பாடு உள்ள இடத்தில் மூன்று ஆண்டு வேலை பார்க்க வேண்டும். 1994இல் வந்த இந்த ஏற்பாட்டுக்கு கான்ராட் 30 என்று பெயர். வடக்கு டகோட்டாவின் செனட்டராக இருந்த கென்ட் கான்ராட் கொண்டுவந்தது. 30 என்பது இப்போது ஒரு மாநிலத்துக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் இடங்கள். பெரிய நகரம் பக்கத்தில் இல்லாத அமெரிக்க மருத்துவமனைகளின் கதவுகளில் சுப்பிரமணியன், லக்ஷ்மி என்றெல்லாம் பெயர்ப்பலகை தொங்குவதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். மனைவி வேலை பார்ப்பது 25 படுக்கைக்கு மேல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாத வகைச் சிறு மருத்துவமனை. எனக்கு அவளைச் சார்ந்த விசா, வேலைக்குப் போக அனுமதி கிடையாது. காலையில் அவளை இறக்கிவிட்டு, சாமான் வாங்குவதும் சமைப்பதும் ஊரைச் சுற்றுவதும்தான் என் உத்தியோகம். ஒரு சிற்றூரின் வியாபாரத்தைப் பார்க்க இதைவிட வசதியான வேலை இல்லை.

கடைக்கு வருவோம். ஐந்தாறு வரிசை அலமாரி, பின்சுவரில் கறி வெட்டும் மேடை, வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தக்கைப் பலகை. வைக்கோல் கட்டு விற்பனைக்கு, பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் தயார், எங்கள் அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி என்று அந்தப் பலகையில் எப்போதும் ஏதாவது குத்தியிருக்கும். கடையை நடத்துகிற அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மாமனார் காலத்துக் கடை. பாலிலிருந்து பாத்திரம் கழுவும் சோப்பு வரை எல்லாமே நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கும் பெரிய கடையைவிட விலை கூடுதல். அவரும் மறைப்பதில்லை. சில நேரம் தானே சொல்லிவிடுவார்: "இது அங்கே ஒன்றரை டாலர் குறைவு. அவசரமில்லையென்றால் அங்கே போகும்போது வாங்கிக்கொள்."

ஏன் கூடுதல் என்பதை ஒருநாள் கல்லாவில் கூட்டமில்லாத நேரத்தில் விளக்கினார். மொத்த வியாபாரியின் லாரி வாரம் இரண்டு முறை வரும். ஒவ்வொரு முறையும் இத்தனை டாலருக்குக் குறையாமல் சரக்கு எடுக்க வேண்டும் என்று வரம்பு உண்டு. ஊரில் விற்பனை அந்த வரம்புக்குக் கீழே போய்விட்டால், லாரி இந்தப் பக்கம் திரும்பாது. ஆக, பத்துக் குடும்பம் வாங்குவதை நிறுத்தினால் பத்துக் குடும்பத்து வியாபாரம் மட்டும் குறைவதில்லை. மொத்தக் கடைக்கும் சரக்கு வராமல் போகும் அபாயம் இருக்கிறது. நல்ல நிர்வாகம் உள்ள பலசரக்குக் கடையிலேயே நூறு டாலர் விற்றால் கடைசியில் கையில் நிற்பது ஒன்றிரண்டு டாலர்தான் என்கிற தொழிலில், குளிர்பெட்டியின் கம்ப்ரசர் ஒன்று பழுதானால் அந்த ஆண்டு கதை முடிந்தது.

இன்னொன்றும் சொன்னார். சோடா பாட்டில்களை மொத்த வியாபாரி அவருக்குக் கொடுக்கும் விலை, பெரிய கடையில் வாடிக்கையாளருக்குப் போடும் விலையைவிட அதிகம். அதனால் சில வாரங்களில் அவரே வண்டி எடுத்துப்போய் அங்கே நாலைந்து பெட்டி வாங்கிவந்து தன் அலமாரியில் அடுக்குவாராம். ஒரே சரக்கைப் போட்டியிடும் இரண்டு கடைக்காரர்களுக்கு வெவ்வேறு விலையில் விற்று ஒருவரை நசுக்கக் கூடாது என்று 1936இலேயே இந்த நாட்டில் சட்டம் போட்டிருக்கிறார்கள், ராபின்சன்-பேட்மன் சட்டம் என்று. 1980களுக்குப் பிறகு அரசாங்கம் அதைக் கிட்டத்தட்ட எடுத்துப் பார்க்கவே இல்லை. விலை குறைந்தால் வாங்குபவருக்கு நல்லதுதானே என்ற பொருளாதார வாதம் ஜெயித்த காலம் அது. வாங்குபவர் எங்கே குடியிருக்கிறார் என்பதை அந்த வாதம் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

அந்தக் கணக்கைப் போட்டவர் இதே மாநிலத்துக்காரர். ஏம்ஸ் நகரில் உள்ள அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கென்னத் ஸ்டோன், 1980களின் கடைசியிலிருந்து, வால்மார்ட் வந்த பிறகு அயோவா ஊர்களின் வியாபாரம் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். கடை வந்த ஊருக்கு மொத்தத்தில் வியாபாரம் கூடியது. உணவகம், பர்னிச்சர் கடைக்கெல்லாம் கூட்டம் வந்தது. அடி வாங்கியது சுற்றியுள்ள சின்ன ஊர்கள். பத்தாண்டுகளில் தங்கள் சில்லறை வியாபாரத்தில் 47 சதவீதம் வரை இழந்த ஊர்கள் உண்டு என்று 1997இல் எழுதினார். எங்கள் ஊரின் முதன்மைத் தெருவில் நடந்தால் அந்த 47 சதவீதம் கண்ணுக்குத் தெரியும். செங்கல் கட்டடம், மேலே கட்டிய ஆண்டு செதுக்கியிருக்கும், கீழே கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது.

ஆனால் எல்லாப் பழியையும் ஒரு கடைமேல் போடுவதும் சரியில்லை. சிற்றூர்க் கடைக்காரரின் பயம் நூறாண்டுக்கும் மேல் பழசு. 1896இல் தபால்காரர் பண்ணை வீடுகளுக்கே போய்க் கடிதம் கொடுக்கத் தொடங்கினார். 1913இல் பார்சல் தபால் வந்தது. சிகாகோவிலிருந்து சியர்ஸ் நிறுவனத்தின் தடித்த விலைப்பட்டியலும் வீட்டுக்கு வீடு வந்தது. பார்சல் தபால் வேண்டாம் என்று வாஷிங்டன்வரை மல்லுக்கட்டியவர்கள் சிற்றூர்க் கடைக்காரர்கள். அந்தப் பட்டியல்களைக் கொண்டுவரச் சொல்லித் தெருவில் போட்டு எரித்த ஊர்களும் இருந்தன. இன்றைக்குப் பழுப்பு அட்டைப்பெட்டிகள் வாசலில் கிடப்பதைப் பார்த்துப் புலம்புகிறவர்களின் கொள்ளுத் தாத்தாக்கள் அவர்கள்.

அதைவிடப் பெரிய அடி 1980களின் விவசாய நெருக்கடி. அயோவாவில் ஓர் ஏக்கர் நிலத்தின் சராசரி விலை 1981இல் 2,147 டாலர். 1986இல் 787. நிலத்தைக் காட்டிக் கடன் வாங்கியவர்கள் நிலத்தையும் இழந்து கடனிலும் நின்றார்கள். பண்ணை போனால் பண்ணைக் குடும்பம் போகும், குடும்பம் போனால் பள்ளிக்கூடம் போகும். பள்ளிகளை ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே போனதில், பக்கத்துக் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு பள்ளிக்கு ஓஏபிசிஐஜி என்று பெயர். ஓடிபோல்ட், ஆர்தர், பேட்டில் கிரீக், ஐடா குரோவ் என்று ஊர்களின் முதல் எழுத்துகளைக் கோத்திருக்கிறார்கள். எந்த ஊரும் தன் எழுத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லாதது எனக்குப் பிடித்திருக்கிறது. கால்பந்து மைதானத்தில் அதைக் கோஷமாக எப்படிப் போடுகிறார்கள் என்று ஒருமுறை போய்க் கேட்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் விலை கூடுதலான ஒரு கடையில் ஏன் ஆட்கள் வாங்குகிறார்கள்? ஊர்ப்பற்று என்று சொல்லலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பதில் ஜூலை மாதம் கவுன்டி ஃபேரில் கிடைத்தது.

அயோவாவில் 99 கவுன்டி. அநேகமாக ஒவ்வொன்றிலும் கோடையில் நாலைந்து நாள் ஒரு கண்காட்சி, அதில் ஒரு நாள் பிள்ளைகள் வளர்த்த கால்நடைகளின் ஏலம். பிள்ளைகள் ஃபோர்-எச் என்ற இளையோர் அமைப்பில் இருப்பவர்கள். இங்கே நான்காம் வகுப்பிலிருந்து சேரலாம். அந்த அமைப்பின் சின்னமான இலையைத் தொடங்கிவைத்ததே அயோவாக்காரர்தான். ஜெஸ்ஸி ஃபீல்ட் ஷாம்பா என்ற ஆசிரியை, நூறாண்டுக்கு முன் தெற்கே பேஜ் கவுன்டியில் பண்ணைப் பிள்ளைகளைச் சேர்த்து விதைச்சோளம் தேர்ந்தெடுக்கவும் ரொட்டி சுடவும் கற்றுக்கொடுத்தவர். இப்போது பிள்ளைகள் கன்றோ ஆடோ பன்றியோ முயலோ வாங்கி வளர்க்க வேண்டும். தீவனச் செலவு, எடை, மருந்து எல்லாவற்றுக்கும் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுத வேண்டும்.

தகரக் கூரைக்குக் கீழே மரத்தூள் பரப்பிய வட்டம், சுற்றிப் படிக்கட்டு இருக்கை. முதல் வரிசைகளில் வங்கி மேலாளர், விதை ஏஜென்ட், கால்நடை மருத்துவர், தானியக் கூட்டுறவுச் சங்கத்தார், டிராக்டர் கடைக்காரர், ஈமச்சடங்கு நிலையம் நடத்துகிறவர், நம் பலசரக்குக் கடை அம்மா. ஆளுக்கு ஓர் எண் அட்டை. ஏலக்காரர் மூச்சு விடாமல் விலையைப் பாடுகிறார். எங்கள் எதிர்வீட்டுப் பெண், ஆறாம் வகுப்பு, கையில் ஒரு குச்சியோடு தன் பன்றியை ஓட்டிக்கொண்டு வந்தாள். நூற்றிருபது கிலோ இருக்கும். அது அவள் போகச்சொன்ன பக்கத்தைத் தவிர எல்லாப் பக்கமும் போயிற்று. சந்தையில் ஏறத்தாழ இருநூறு டாலர் பெறும் உயிர். ஏலம் நானூறைத் தாண்டியது, ஐந்நூறைத் தாண்டியது, கடைசியில் எழுநூறில் நின்றது. எடுத்தவர் வங்கிக்காரர். ஒலிபெருக்கியில் அவர் வங்கியின் பெயரை இரண்டு முறை சொன்னார்கள். கைதட்டல்.

பன்றியை அவர் எடுத்துப்போகவில்லை. அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் கொடுத்தது பன்றிக்கு விலையே இல்லையாம், அதற்கு மேலே போடும் வெகுமானமாம். பன்றி கறித் தொழிற்சாலை லாரியில் ஏறி அன்றைய சந்தை விலைக்குப் போய்விடும். அந்தப் பணமும் பெண்ணுக்கு, இந்த எழுநூறும் பெண்ணுக்கு. கல்லூரிக்குச் சேர்த்துவைப்பாள், அல்லது அடுத்த ஆண்டுக் குட்டி வாங்குவாள். பெரிய தொகை போட முடியாதவர்கள் ஏலம் முடிந்ததும் மேசைக்குப் போய், இன்ன பிள்ளை கணக்கில் பத்து டாலர், இருபது டாலர் என்று சேர்த்து எழுதிவைக்கலாம். மேசையில் ஒரு பெண்மணி பெயரும் தொகையும் எழுதிக்கொண்டிருந்தார்.

அறந்தாங்கிப் பக்கத்து ஆளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆடி, ஆவணியில் கீரமங்கலம், பேராவூரணி சுற்று வட்டாரம் முழுக்கப் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வாசலில் மேசை போட்டு மொய் எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அன்றைக்குச் சோற்றின் விலையா அது? யாருக்கு யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற கணக்கு. இந்த ஆண்டு நான் செய்தது, உன் முறை வரும்போது கூட்டித் திரும்பி வரும். இப்போது அங்கே கம்ப்யூட்டர் ரசீது வந்துவிட்டது. இங்கே இன்னும் பேனாதான். போனில் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அங்கயும் செஞ்சவனுக்குத்தான் செய்வாகன்னு சொல்லு" என்றார். அடுத்த கேள்வி, "பன்னிய எதுக்குப்பா வீட்டுக்குள்ள வளக்கிறாக?" வீட்டுக்குள் இல்லை என்று விளக்கி முடிக்க நேரமாகிவிட்டது.

அம்மா சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. ஏலம் முடிந்த சில வாரத்தில் ஊர் வாரப் பத்திரிகையில் ஒரு முழுப்பக்கம் வரும். எந்தப் பிள்ளை, என்ன பிராணி, வாங்கியவர் யார். அந்தப் பக்கத்தை இங்கே வரி விடாமல் படிக்கிறார்கள். பிள்ளைகள் கைப்பட நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்பது கட்டாயம். பத்திரிகையில் பெயர் வந்த கடைகளில் அந்த வீட்டுக்காரர்களின் கார் நிற்கும். பெயர் வராத கடை எது என்பதும் நினைவில் இருக்கும். பலசரக்குக் கடை அம்மாவிடம், யாருக்குக் கை தூக்குவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். "என் கடைக்கு வராத வீட்டுப் பிள்ளைக்குத் தூக்கமாட்டேன் என்றெல்லாம் இல்லை. கை கொஞ்சம் மெதுவாகத் தூக்கும்" என்றார்.

பாலுக்கு நான் கூடுதலாகக் கொடுக்கும் காசு எங்கே போகிறது என்று அப்போது தெரிந்தது. எல்லாம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. பன்றிக்குப் போகிறது, பேஸ்பால் சட்டையின் முதுகில் இருக்கும் கடைப்பெயருக்குப் போகிறது, பள்ளி ஆண்டுமலர் விளம்பரத்துக்குப் போகிறது, இழவு வீட்டுக்குப் போகும் பன்றித்தொடைக் கறிக்குப் போகிறது. ஊர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் வரி என்றே சொல்லலாம். மலிவுச் சரக்குச் சங்கிலியான டாலர் ஜெனரல் நிறுவனத்துக்கு மட்டும் நாடு முழுக்க 20,000க்கும் மேல் கடைகள். எங்கள் ஊர் நெடுஞ்சாலை ஓரத்திலும் அந்த வகைக் கடை ஒன்று உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்கள் நல்லவர்கள், இதே ஊர்க்காரர்கள். ஆனால் ஏலத்தில் எண் அட்டை வாங்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அந்த முடிவை எடுக்கிறவர் வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு இந்தப் பிள்ளைகளின் பெயர் தெரியாது.

நானும் எதிர்வீட்டுப் பெண்ணின் கணக்கில் ஒரு சிறு தொகை எழுதினேன். பன்றியோடு அவள் நிற்கும் படத்துடன் கடிதம் வந்தது. வாரப் பத்திரிகையில் என் பெயரும் வந்தது, நடுவில் மூன்று எழுத்து விட்டுப்போய். அன்றிலிருந்து பெட்ரோல் பங்குப் பெரியவர்கள் அந்தப் பெயரிலேயே கூப்பிடுகிறார்கள். திருத்திப் பயனில்லை.

பெட்ரோல் பங்கு என்றால் கேஸீஸ். 1968இல் இதே மாநிலத்தின் பூன் ஊரில் தொடங்கிய சங்கிலி. மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட சின்ன ஊர்களாகப் பார்த்துக் கடை போட்டே வளர்ந்தது. பெட்ரோலோடு பீட்சாவும் போடுகிறார்கள், ஊரில் உணவகம் மூடிய பிறகு பீட்சா கிடைக்கும் ஒரே இடம் அதுதான். காலையில் முட்டையும் பன்றி இறைச்சியும் போட்ட பீட்சா. நான் முதலில் சிரித்தேன், இப்போது வாரம் தவறாமல் சாப்பிடுகிறேன். பெரியவர்கள் அங்கே பகடை உருட்டுவார்கள், தோற்றவர் எல்லோருக்கும் காப்பி வாங்க வேண்டும். சோளம் ஒரு புஷல் (இங்கே தானியம் அளக்கும் கணக்கு) என்ன விலை, யார் நிலம் விற்பனைக்கு வருகிறது, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, மூன்றும் அந்த மேசையில் தெரிந்துகொள்ளலாம்.

உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் அடுத்து நடப்பது தீயணைப்பு நிலையத்தில் ஒரு சாப்பாடு. போன இலையுதிர் காலத்தில், தானிய வண்டியில் கால் சிக்கிய ஒரு விவசாயிக்காக நடத்தினார்கள். தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மடக்கு மேசைகள். பிய்த்த பன்றிக்கறி, சோளம், தேவாலயத்துப் பெண்கள் செய்த ஸ்காட்சரூ என்கிற பொரியும் கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் சேர்த்த இனிப்பு. நுழைவில் ஒரு வாளி. விலைச்சீட்டு கிடையாது, மனசுக்குத் தோன்றியதைப் போடலாம். பக்கவாட்டில் ஏலப் பொருட்கள்: கையால் தைத்த போர்வை, ஒரு லோடு சரளைக் கல், விதைச்சோள மூட்டைகள், வெட்டிப் பொட்டலம் கட்டிய அரைப் பன்றி. அவர் வயலை அக்கம்பக்கத்து விவசாயிகள் தங்கள் அறுவடை இயந்திரங்களோடு வந்து ஒரே நாளில் அறுத்துக் கொடுத்துவிட்டார்கள். அன்றிரவு வீடு திரும்பும்போது மனைவி சொன்னது: "பில் அனுப்புறதும் எங்க ஆஸ்பத்திரிதான், வாளியில இருபது டாலர் போட்டதும் நான்தான். ரெண்டையும் ஒரே தலைக்குள்ள வச்சுக்க முடியலங்க." இவ்வளவு பணக்கார நாட்டில் ஒரு மனிதனின் கால் வாளியை நம்பி இருப்பது எனக்கும் அழகாகத் தெரியவில்லை. வாளியை மட்டும் படம் பிடித்து ஆஹா, என்ன ஒற்றுமை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

அந்தத் தீயணைப்புக்காரர்கள் யாருக்கும் அது சம்பள வேலை இல்லை. ஆம்புலன்ஸில் வருபவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். அவசர மருத்துவ உதவி அத்தியாவசியச் சேவை என்று ஒரு கவுன்டி அறிவித்து, வாக்காளரிடம் அதற்கு வரி கேட்கலாம் என்ற சட்டமே இந்த மாநிலத்தில் 2021இல்தான் வந்தது. எங்கள் ஊர் இரும்புக்கடைக்காரர் இடுப்பில் பேஜர் வைத்திருப்பார். அது அலறினால் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடுவார். உள்ளே இருப்பவர்கள் ஆணியை எண்ணி எடுத்துக்கொண்டு, காசைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள்.

கறிவேப்பிலைக்கும் தேங்காய்க்கும் ஒரு மணி நேரம் ஓட்டி ஸ்டார்ம் லேக் போகிறேன். பதினோராயிரம் பேர் இருக்கும் ஊர். அங்கே பழைய கறித் தொழிற்சாலை 1981இல் மூடி, அடுத்த ஆண்டே வேறு நிறுவனம் குறைந்த கூலியில் திறந்தது. இப்போது டைசன் என்ற இறைச்சி நிறுவனத்தின் வசம் இருக்கிறது. அந்தக் கூலிக்கு உள்ளூர்க்காரர்கள் வரவில்லை. லாவோஸிலிருந்து வந்தவர்கள், மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், பிறகு இன்னும் பல நாட்டவர்கள் வந்தார்கள். ஒரு தெருவில் நடந்தால் மெக்சிகோ ரொட்டிக்கடை, அடுத்து ஆசியப் பலசரக்குக் கடை. உறைந்த முருங்கைக்காய் கிடைக்கும், பச்சை மிளகாய் கிடைக்கும், இருபத்தைந்து பவுண்டு அரிசி மூட்டை கிடைக்கும். அந்த ஊர்ப் பத்திரிகையின் ஆசிரியர் ஆர்ட் கல்லன் 2017இல் தலையங்கத்துக்காகப் புலிட்சர் பரிசு வாங்கினார். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து நடத்திவந்த, அப்போது வாரம் இரண்டு முறை வந்த பத்திரிகை அது.

எங்கள் ஊர்த் தெரு காலி, அந்த ஊர்த் தெரு நிரம்பி இருக்கிறது. காரணம் எளிது, அங்கே ஆட்கள் வந்தார்கள். எங்கள் காப்பி மேசையில் இதைச் சொன்னால் பேச்சு சோள விலைக்கு மாறிவிடும். மொய்க் கணக்கின் மறுபக்கம் இது. பழைய குடும்பங்களுக்கு மூன்று தலைமுறைக் கணக்கு இருக்கிறது. கறித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவரின் பிள்ளைக்குக் கன்று கட்ட இடமில்லை, ஏலத்தில் கை தூக்க ஆளில்லை. மருத்துவரின் புருஷன் என்பதால் எனக்கு வாசல் சீக்கிரம் திறந்தது. அதை நான் என் பழகும் குணத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கணக்கிலேயே இருப்பவர்களுக்கும் அது சுகமில்லை. பதினைந்து ஆண்டுக்கு முன் வெளியூரில் பிக்கப் வண்டி வாங்கிய ஒருவரைப் பற்றி உள்ளூர் விற்பனையாளரின் தம்பி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

இப்போது பலசரக்குக் கடை அம்மா ஓய்வெடுக்க நினைக்கிறார். மகன் மாநிலத் தலைநகர் டெ மொய்னில் கணக்காளர், வரமாட்டார். ஒன்றரை ஆண்டாக விற்பனைக்கு விட்டும் யாரும் வரவில்லை. ஆகஸ்ட் மாதம் பள்ளிச் சாப்பாட்டு அறையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை மற்ற ஊர்கள் என்ன செய்தன என்று குறிப்பெடுத்துக்கொண்டு வந்திருந்தார். நியூயார்க் மாநிலத்தில் சாரனாக் லேக் ஊரில், இருந்த ஒரே பல்பொருள் கடை 2002இல் மூடிய பிறகு, ஊர்க்காரர்களே நூறு நூறு டாலர் பங்காக ஐந்து லட்சம் டாலர் திரட்டி 2011இல் சொந்தக் கடை திறந்தார்கள். கன்சாஸில் செயின்ட் பால் என்ற அறுநூறு பேர் ஊரில், 1985இல் போன பலசரக்குக் கடை 2008இல்தான் திரும்ப வந்தது. 2013இலிருந்து நகராட்சியே நடத்துகிறது. நெப்ராஸ்காவில் கோடி என்ற ஊரில் நூற்றைம்பது பேர்தான். பள்ளிப் பிள்ளைகள் வைக்கோல் கட்டுகளால் சுவர் எழுப்பிய கட்டடத்தில் 2013இலிருந்து கடை நடத்துகிறார்கள். தோற்றதையும் அவர் மறைக்கவில்லை. ஃபுளோரிடாவில் பால்டுவின் ஊர் 2019இல் நகராட்சிக் கடை திறந்தது, 2024இல் மூடியது. சரக்கை மலிவாக வாங்க அவர்களாலும் முடியவில்லை.

250 டாலர் ஒரு பங்கு என்று யோசனை வைத்தார்கள். வங்கிக்காரர் குளிர்பெட்டிகளை மாற்ற என்ன ஆகும் என்று ஒரு தாளை வாசித்தார், அறை சற்று அமைதியானது. பின்வரிசையில் இருந்து ஒரு விவசாயி எழுந்தார். பங்கு வாங்குவதில் தனக்குப் பிரச்சினை இல்லை, இரண்டு வாங்குகிறேன் என்றார். "ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் குடித்த பாலை இந்தக் கடையில் வாங்கியவர்கள் கை தூக்குங்கள்." பாதிக்கும் குறைவான கைகள் எழுந்தன. அவர் மனைவியின் கை எழவில்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள், அவரும் பார்த்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்த கைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பங்குக்கு எழுதிக்கொடுத்த தொகை, தேவையில் பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறது. பணம் வங்கியில் தனிக் கணக்கில் கிடக்கிறது, திட்டம் நடக்காவிட்டால் திருப்பித் தருவார்களாம். நாங்களும் ஒரு பங்குக்கு எழுதியிருக்கிறோம், மனைவியின் மூன்று ஆண்டு அடுத்த கோடையில் முடியப்போகிறது என்று தெரிந்தே. அடுத்த கூட்டம் அறுவடைக்குப் பிறகு. அதற்கு முன் கூப்பிட்டால் விவசாயிகள் யாரும் வரமாட்டார்கள். மழை தொந்தரவு செய்யாவிட்டால் நவம்பர் நடுவில் என்று சொல்லியிருக்கிறார்கள்.